ஒரே ஒரு விந்தணு: இக்ஸி பிறந்த கதை

போன எபிசோட்ல, 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்த முதல் டெஸ்ட் டியூப் பேபி லூயிஸ் பிரவுனைப் பற்றிப் பேசினோம். அதுல ஒரு விஷயத்தை விட்டுட்டேன்.

லூயிஸோட அம்மா லெஸ்லிக்குக் கருக்குழாயில் அடைப்பு. ஐ.வி.எஃப். தாண்டியது அந்த அடைப்பைத்தான். கண்ணாடித் தட்டில் ஒரு கருமுட்டை, சுற்றிலும் ஆயிரக்கணக்கான விந்தணுக்கள். அதுல ஒண்ணு தானா நீந்திப் போய், முட்டையின் உறையைத் துளைச்சு உள்ளே போகணும். எண்ணிக்கை குறைவா இருந்தா? நீந்தத் தெம்பே இல்லன்னா? பெரும்பாலும் கரு உருவாகாது. 1980களில் இப்படிப்பட்ட தம்பதிகள் பலருக்கு இருந்த வழி, வேறொரு ஆணின் விந்து தானம் இல்லன்னா தத்தெடுப்பு.

விடை பிரஸ்ஸல்ஸில் கிடைச்சது. அங்கே ஆந்த்ரே வான் ஸ்டெய்ர்டெகெம் குழுவில் வேலை பார்த்தவர், இத்தாலிய மருத்துவர் ஜான்பியரோ பலெர்மோ. முட்டை உறைக்கு அடியில் மெல்லிய ஊசியால் விந்தணுக்களை விடுவதுதான் அப்போதைய முயற்சி. ஒருநாள் ஒரு விந்தணு தவறிப்போய் முட்டைக்குள்ளேயே போயிடுச்சு. முட்டை வீணாகல, கருவுற்றது! அந்தத் தவறையே முறையாக்கினாங்க. 1992 ஜனவரியில் முதல் இக்ஸி குழந்தை பிறந்தது. அதே வருஷம் லான்செட் இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

அப்போ விந்தணுவின் தரம் இனி முக்கியமில்லையா? அங்கதான் நாம ஏமாந்துடுறோம். மைக்ராஸ்கோப்பில் வடிவமும் அசைவும் தெரியும். உள்ளே இருக்கும் டி.என்.ஏ. சிதைஞ்சிருக்கான்னு தெரியாது. சிதைவு அதிகமானால் கருச்சிதைவு அபாயமும் கூடுது. ஒய் குரோமோசோமில் குறை இருந்தா, பிறக்கிற மகனுக்கும் அது போகும்.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துறது வேற ஒண்ணு. குறை ஆண்கிட்ட இருந்தாலும், தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கிறது பெண். முட்டை எடுக்க மயக்க மருந்தோட படுக்கிறதும் அவங்கதான். நம்ம வாயில சட்டுனு வர்ற வசவும் 'மலடி'தான். 'மலடன்'னு யாரையாவது திட்டிக் கேட்டிருக்கீங்களா?

விந்துப் பரிசோதனை எப்படிச் செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் 1980லேயே கையேடு போட்டாச்சு. ஊசி இல்லை, வலி இல்லை. புது விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாசம் ஆகும். சிகரெட்டை இன்னைக்கு விட்டா, பலன் அதுக்கப்புறம்தான் தெரியும். அதனால நண்பா, ரெண்டு பேரும் சேர்ந்தே டாக்டரைப் பாருங்க. முதல் நாளே உங்க டெஸ்ட்டையும் எடுத்துடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.