பசியை மறுப்போரின் வரலாறு தரும் படிப்பினை



ஷவ்வாலின் ஆறு நோன்புகளும் நிறைவுற்ற பின்னரும் எம்மிடம் ஓதிய மாணவி ஒருத்தி நாள்தோறும் நோன்பு நோற்று வந்தாள். அவளது பேணுதலை வகுப்பிலேயே பாராட்டினோம். சில மாதங்களில் அவள் மெலிந்து மயங்கி விழுந்தாள். அது உணவைக் கண்டு அஞ்சும் நோய் என்று மருத்துவர் கூறினார். நமது பாராட்டே அந்நோய்க்குப் போர்வையாகிவிட்டது. அவ்வருத்தமே இந்நோயின் வரலாற்றை நாடச் செய்தது.

இப்னு ஸீனா (980–1037) பற்றிய நிகழ்ச்சி ஒன்றை, 12ஆம் நூற்றாண்டில் நிஜாமி அரூஸி பாரசீகத்தில் எழுதிய 'சஹார் மகாலா' கூறுகிறது. புவைஹி அரச குடும்பத்து இளவரசர் ஒருவர் தம்மைப் பசு என்று எண்ணி, அறுக்கச் சொல்லி மன்றாடி, உணவை மறுத்தார். இப்னு ஸீனா கத்தியுடன் கசாப்புக்காரராக வந்து, தொட்டுப் பார்த்து, "மிகவும் மெலிந்திருக்கிறது, முதலில் கொழுக்க வையுங்கள்" என்றார். இளவரசர் உண்ணத் தொடங்கினார், உணவுடன் மருந்தும் சேர்ந்தது, நலமடைந்தார். அவரது நோய் வேறு வகையாயினும், 'நான் யார்' என்னும் அவரது எண்ணத்தினுள் நுழைந்தே மருத்துவர் உணவூட்டினார் என்பது கவனிக்கத்தக்கது.

1873இல் பாரிஸில் லாசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தனர். 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயர் கல் சூட்டியது. நோயாளியைக் கவனிக்க உறவினர் ஏற்றவரல்லர் என்று அவர் கருதினார். உடல் எடையைக் கூட்டுவதே நெடுங்காலம் சிகிச்சையின் முதல் நோக்கமாக இருந்தது.

ஹில்டே புரூக் (1904–1984) என்னும் மருத்துவர் நோயாளிகளின் பேச்சைப் பல்லாண்டுகள் செவிமடுத்தார். 1978இல் வெளியான 'பொற்கூண்டு' என்னும் பொருள்படும் நூலில் தாம் கண்டதை எழுதினார். அவர்களுள் பலர் சொற்பேச்சுத் தட்டாத நல்ல பிள்ளைகள். பிறர் விருப்பப்படியே வளர்ந்தமையால், தமக்கென உள்ள ஒரே உடைமையாக உடலின் மெலிவைப் பற்றிக்கொண்டனர். ஆகவே வற்புறுத்தி ஊட்டுவது, தம்மையே பறித்துக்கொள்வதாக அவர்களுக்குத் தோன்றியது. 'இந்நோய் நீங்கினால் நான் யார்?' என்னும் அச்சமும் நலம்பெறத் தடையாகிறது.

1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் குடும்பச் சிகிச்சை முறை உருப்பெற்றது. அது பெற்றோரைக் குற்றவாளியாக்காமல், பிள்ளைக்கு உணவூட்டும் துணைவராக்கியது. நோய் வேறு, பிள்ளை வேறு என்று பிரித்துக் காணவும் கற்பித்தது.

இங்கு ஸல்மான் (ரலி) அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இடைவிடாது நோன்பு நோற்ற அபுத்தர்தா (ரலி) உணவை வைத்தபோது, "நீர் உண்ணாதவரை நானும் உண்ணேன்" என்னும் கருத்தில் கூறி, அவர்களையும் உண்ணச் செய்தார்கள். இறைவனுக்கும், உமது ஆன்மாவுக்கும், குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு என்று உணர்த்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள்.

நோயுற்றோருக்கு நோன்பில் அல்லாஹ் சலுகை அளித்துள்ளான். மன நோயும் நோயே. ஆகவே, உண்ண அஞ்சும் பிள்ளையை ஏசாமலும் புகழாமலும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவள் பேச, நாம் கேட்போம். உணவுத் தட்டின் முன் அவளுடன் அமர்வோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.