தஞ்சைக் கல்வெட்டிற் கண்ட ஊழியப் பங்கு

நம் கீழப்பழுவூர் இளைஞர்களிற் பலர் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளிலும், திருச்சி, சென்னை முதலிய நகரங்களிலும் வேலை தேடிச் செல்வதை அன்பர்கள் அறிவர். அவர்கள் பெரியோரிடம் கேட்கும் வினாக்கள் இரண்டு. பல்லாண்டு உழைத்தவனும் நேற்று வந்தவனும் ஒரே சம்பளம் பெறுதல் முறையோ? தந்தையின் வேலை தகுதி நோக்காது மகனுக்கே போதல் நியாயமோ? இவை புதிய வினாக்கள் அல்ல. பழுவேட்டரையர் நம்மூரை ஆண்ட சோழர் காலத்திலேயே எழுந்தவை. அவற்றுக்கு விடைபோல் அமைந்த சாசனம் ஒன்று தஞ்சைப் பெரியகோயிற் சுவரில் இன்றும் உள்ளது.

முதலாம் இராஜராஜன் அக்கோயிலை 1010-இல் முடித்து, அதன் ஊழியர்க்கு நெற்பங்கு வகுத்தான். திருவாரூர், திருவையாறு முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. அஃதாவது ஒரு வேலி நிலத்தின் விளைவாகிய 100 கலம் நெல். மூத்தவள், இளையவள் என்ற வேற்றுமை அங்கே இல்லை. அளப்பதும் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலாலேயே என்று குறித்தனர். கூலிக்கொரு மரக்கால், வாரத்திற்கொரு மரக்கால் வைத்தளந்த மிராசுதார்களைப்பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டோர்க்கு இக்குறிப்பின் அருமை விளங்கும்.

ஆயினும் எல்லோர்க்கும் ஒரே பங்கு அன்று. நட்டுவனார்க்கு இரண்டு பங்கு. தச்சருள் இராஜராஜப் பெருந்தச்சன் ஒரு பங்கும், மற்றிருவர் முக்காற் பங்கும் பெற்றனர். திருப்பதியம் பாடுவோர் நாற்பத்தெண்மர்க்கும், உடன் கொட்டுவோர் இருவர்க்கும், நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி. கணக்கிடின் ஆண்டுக்கு 91 கலத்துக்குச் சற்று மிகுதி. ஆகவே ஒரு வகுப்புக்குள் சமமும், தொழிலின் பொறுப்புக்கேற்ப ஏற்றமும் கொண்டனர் எனல் வேண்டும்.

இனி, இரண்டாம் வினா. ஊழியர் இறந்தாலும், வேற்றூர் சென்றாலும், அடுத்த உறவினரே அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யவேண்டும். அவர் ‘யோக்யர்’ அல்லராயின், யோக்யர் ஒருவரை ஆளிட்டுப் பணி செய்வித்துப் பங்கைக் கொள்ளலாம். தகுதியற்றவன் கையில் வேலை சிக்காதபடி காத்தது நன்றே. ஆனால் உரிமை ஒருவனுக்கு, உழைப்பு மற்றொருவனுக்கு! ஆளாக நின்று பணி செய்தவனுக்கு எத்துணை நெல் என்று சாசனம் பேசவில்லை. இக்காலத்து ஒப்பந்தக் கூலியாள் படும் பாடு இதன் வழிவந்ததோ என எமக்குத் தோன்றுகின்றது. பழமை என்பதற்காக இக்குறையை நாம் மறைக்கவேண்டுவதில்லை.

உறவினரே இல்லாவிடத்து விதித்த முறைதான் மிகச் சிறந்தது. அரசனோ அதிகாரியோ அவ்விடத்திற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவ்வத் தொழிலில் உள்ளவர்களே கூடித் தகுதியுடையாரைத் தெரிந்து அமர்த்த, பங்கு நெல்லும் அப்பணிக்கே சென்றது.