ஐந்நூறுக்கு எத்தனை?

முட்டைக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர்போன நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துக்கு 1990-களிலிருந்து இன்னொரு பேரும் சேர்ந்துகொண்டது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாட்களில், மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினார்கள். விடுதியோடு நடந்த தனியார் மேல்நிலைப் பள்ளிகளின் அட்மிஷன் மேஜையில் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘ஐந்நூறுக்கு எத்தனை?’ மெட்ரிக் பிள்ளை என்றால், 2011-ல் சமச்சீர்க் கல்வி வரும்வரை, 1100-க்கு எத்தனை. எந்த குரூப், எந்த செக்‌ஷன், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்தப் பதிலில் இருந்தது. பிள்ளை இதுவரை என்ன படித்தது என்பதை அறிய இந்தக் கேள்வி கேட்கப்பட்டதாகத் தோன்றும். ஆனால் பள்ளிகள் எடைபோட்டது நேற்றைய படிப்பை அல்ல. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை கொண்டுவரப்போகும் பிளஸ் டூ ரிசல்ட்டை. அந்தத் தராசின் படிக்கல்லைச் செய்து கொடுத்தது அரசு.

1978-ல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்ததுதான் தொடக்கம். அதுவரை மருத்துவம், பொறியியல் இடங்களுக்கு அடிப்படையான மதிப்பெண் கல்லூரியில் வாங்கப்பட்டது. இப்போது அது பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. அதற்கு முந்தைய முறையை ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். அது வழங்கப்பட்ட விதம் பெரியகருப்பன் வழக்காக 1970-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. அது ரத்தாவதற்கு முன்பிருந்த கணக்குப்படி, மருத்துவத்துக்கு மொத்தம் 300: பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. நகரத்துக் கோச்சிங்குக்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளை அந்த நூறு வெளியே நிறுத்துகிறது என்ற வாதம் வென்று, 2007-ல் நுழைவுத் தேர்வு போனது. 300-ல் 200-ஆக இருந்த பிளஸ் டூ, 200-க்கு 200 ஆனது.

இந்தக் கணக்கைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உயிரியலில் 200-க்கு வாங்கியதை நூறாகவும், இயற்பியல், வேதியியலை ஐம்பது ஐம்பதாகவும் சுருக்கினால் கட்-ஆஃப். உயிரியலில் ஒரு மார்க் போனால் அரை, இயற்பியலில் ஒன்று போனால் கால். அந்தக் காலுக்குள் ஒரு கூட்டமே நின்றது. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணோ எந்தக் கணக்கிலும் கிடையாது. ஆகவே பதினொன்றை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் நடத்துவது கணக்கின்படி புத்திசாலித்தனம். விடியற்காலை ஸ்டடியும், ஸ்லிப் டெஸ்டும், ஒன்றன்மேல் ஒன்றாக ரிவிஷனும் வைத்துச் சென்டம் எடுக்க வைப்பதற்குப் பிள்ளை இருபத்து நான்கு மணி நேரமும் கைக்குள் இருக்க வேண்டும், அதற்குத்தான் விடுதி. சிந்திக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு அவ்வளவு பெரிய விடுதி தேவைப்படாது. இந்த ஆலைக்குத் தோதான கச்சாப்பொருள், ஏற்கெனவே ஒரு பொதுத்தேர்வில் மார்க் வாங்கிக் காட்டிய பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு விலையும் இருந்தது. இன்ன மார்க்குக்கு மேல் என்றால் கட்டணமே இல்லை, அதற்குக் கீழே பாதி, இன்னும் கீழே முழுக் கட்டணம், அதற்கும் கீழே டொனேஷனோடு அல்லது இடமே இல்லை என்று படி வைத்தார்கள். ஒரே மெஸ்ஸில் ஒரே சாம்பாரைச் சாப்பிட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்காக அப்பா நிலத்தை அடமானம் வைத்திருக்கலாம், மற்றவனுக்கு எல்லாமே இலவசமாக இருக்கலாம். இலவசமாக வந்தவனுடைய படம்தான் ரிசல்ட் மறுநாள் பத்திரிகையின் முழுப்பக்க விளம்பரத்தில் வரும். அதைப் பார்த்து அடுத்த ஆண்டு பணம் கட்டி வருபவர்கள்தான் அந்த இலவசத்தையும் விளம்பரத்தையும் தாங்கினார்கள். ஆறு முதல் பதினான்கு வயதுவரைதான் கல்வி உரிமைச் சட்டம் பேசுகிறது. சேர்க்கைக்கு வடிகட்டும் தேர்வு கூடாது என்ற அதன் விதி பதினொன்றாம் வகுப்பு வாசலை எட்டவே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குடும்பத்தில் யாருமே கல்லூரி பார்த்திராத வீட்டுப் பிள்ளைகள் இந்த விடுதிகள் வழியாக மருத்துவர்களானார்கள். மார்க் ஷீட் சாதி கேட்காது, சிபாரிசுக் கடிதம் கேட்காது. உண்மைதான். 75 மதிப்பெண் நேர்முகத் தேர்வைவிட இது நேர்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘பிராய்லர் பள்ளி’ என்று நகரத்தில் உட்கார்ந்து கேலி செய்தவர்களில் பலர், அந்த நகரமே தங்கள் பிள்ளைகளுக்கு விடுதி இல்லாத விடுதியாக இருந்ததை மறந்துவிட்டார்கள். ஆனால் விளம்பரப் பக்கத்தைக் காட்டி ‘நாங்கள் உருவாக்கினோம்’ என்று பள்ளி சொல்வது வேறு விஷயம். பத்தாம் வகுப்பிலேயே முன்வரிசையில் நின்றவர்களைப் பொறுக்கி எடுத்த பிறகு, பன்னிரண்டில் வந்த மார்க்கில் எவ்வளவு பயிற்சியால் வந்தது, எவ்வளவு பொறுக்கியதால் வந்தது என்பதை அந்தப் படங்களை வைத்துப் பிரிக்கவே முடியாது. நடுத்தர மார்க்கோடு வந்தவன் எவ்வளவு ஏறினான் என்பதுதான் பள்ளிக்குச் சான்று. அவனுக்கு விளம்பரத்தில் இடமில்லை.

தராசு யாருடையது என்பது விதி மாறியபோது வெளிப்பட்டது. 2017 மே மாதம் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தி, பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தது; 1200, 600 ஆனது. ஆனால் மறு ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. வைத்த பூட்டின் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானதும் பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். விடுதிகள் முன்பணமாக எண்ணியிருந்த பத்தாம் வகுப்பு மார்க், அந்த ஒரு வருஷம் நேராகவே பிளஸ் டூ மார்க்கின் பாதியாகிவிட்டது. மருத்துவத்துக்கு 2017 முதலே நீட் வந்துவிட்டதால் விடுதிகளும் கட்டிலைப் போட்ட இடத்திலேயே வைத்துக்கொண்டு பலகையை மாற்றின. ‘ரிப்பீட்டர்’ பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகைப் படிகள் இப்போது போன வருஷ நீட் மார்க்கைப் பார்த்துப் போடப்படுகின்றன. மேஜையில் கேட்கும் கேள்வி, ‘எழுநூற்று இருபதுக்கு எத்தனை?’