மணல் சட்டி கேக்கும் 21 சீர்த்தட்டும்

மலருக்காக "நம்ம கேக், அலங்கார வேலை எப்படி ஆரம்பிச்சதுன்னு நீங்கதான் எழுதணும்" என்று கூட்டமைப்புச் செயலாளர் சொன்னதும் நான் முதலில் பரண்மேல் இருந்த பழைய தீர்மானப் புத்தகங்களை இறக்கினேன். மொத்தம் 11. அதில் இரண்டைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் இருப்பதையும் என் ஞாபகத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அதற்குப் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் உதவி செய்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்தான் இருந்தது, 2004-ல் பிரிச்சாங்க. ஆனாலும் எங்க ஊருக்குக் குழு வந்து சேர 1998 ஆகிவிட்டது. 16 பேர், வாரம் 10 ரூபாய் சேமிப்பு. உள்கடன் வாங்கியதெல்லாம் ஆட்டுக்கும், தக்காளி நாற்றுக்கும், பிள்ளைங்க படிப்புக்கும்தான். முதல் ஐந்து வருஷப் புத்தகத்தில் 'கேக்' என்ற சொல்லே இல்லை.

இருக்கவும் வழியில்லை. எங்க சின்ன வயசில் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயசம், அவ்வளவுதான். பாதிப் பேருக்குத் தேதியே தெரியாது, "மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாள் பொறந்தே" என்பார்கள். விசேஷ வீட்டு அலங்காரம் என்றால் வாழைமரம், மாவிலை, தென்னங்குருத்தோலைத் தோரணம். குருத்தோலையில் கிளி, கிலுகிலுப்பை எல்லாம் மடிக்கிற கை ஊருக்கு ரெண்டு மூணு இருக்கும். அதற்குக் காசு வாங்க மாட்டார்கள், பந்தியில் முதல் இலை போடுவார்கள். அப்புறம் கலர் பேப்பர் வந்தது, ஜிகினா வந்தது, தெர்மகோல் வந்தது. கை அதே கைதான். ஆனால் இதை ஒரு தொழில் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

2003-ல் ஐந்து நாள் பயிற்சிக்கு என்னையும் இன்னொரு அக்காவையும் அனுப்பினார்கள். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். பயிற்சி கொடுத்த அம்மா கதையாகவும் நிறையச் சொன்னார். 1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் பிஸ்கட் தொழில் செய்துவந்த மம்பள்ளி பாபு என்பவர், வெள்ளைக்காரர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து, உள்ளூர்ச் சரக்கை வைத்தே கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தாராம். பேக்கிங் பவுடரை 1843-ல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டு என்பவர் செய்தது, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகவாம். "நம்ம வீட்டு ஆம்பளைங்க நமக்கு ஒத்துக்காததை என்னிக்காவது கவனிச்சிருக்காங்களா"ன்னு அக்கா கேட்டதும் வகுப்பே சிரிச்சது.

ஓவனுக்குக் காசு இல்லை. அதனால் மணல் சட்டிதான். அடி கனமான அலுமினியப் பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் சலித்த மணல், மேலே ஒரு பிரிமணை, மூடிபோட்டுப் பத்து நிமிஷம் சூடேற்றணும். பிறகு மாவு ஊற்றிய கிண்ணத்தை உள்ளே வைத்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம். நடுவில் திறந்து பார்த்தால் கேக் குழிந்துவிடும். அந்த அடக்கம் எனக்கு வர ஆறு கேக் வீணாச்சு. அளவு சுலபம்: மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை மூன்றும் கால் கிலோ, முட்டை ஐந்து. முட்டை ஆகாத வீட்டுக்குத் தயிரும் சோடா உப்பும். தயிர்ப் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் நுரைக்கும், அந்தக் காற்றுதான் கேக்கை எழுப்பும். கலந்ததும் அடுப்பேற்றணும். பேச்சுக்கு நின்றால் போச்சு.

சர்க்கரையை உரலில் இடித்துக்கொண்டிருந்தோம். 2011-க்குப் பிறகு விலையில்லா மிக்சி வந்ததும் அந்த வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் 2012-ல் கரண்ட் இருந்தால்தானே மிக்சி! வருகிற ஒரு மணி நேரத்துக்காக ராத்திரி முழித்துக் கிடந்திருக்கிறோம். வெயில் காலத்தில் வெண்ணெய்க் கிரீம் உருகி, போட்ட ரோஜாப்பூ தட்டில் ஓடியது தனிக் கதை. ராகி கேக்கும் அப்போது வந்ததுதான். முழுக்க ராகி போட்டால் வெட்டும்போது உதிர்ந்துவிடும், அந்த மாவுக்குப் பிடிமானம் இல்லை. பாதி கோதுமை சேர்த்ததும் நின்றது. இன்றைக்கும் அதிகம் போவது அந்த கேக்தான்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்காவிடமே கேட்டேன். "நடந்ததுதானே, எழுது" என்றார்.

கேக்கைவிட எங்களுக்குச் சோறு போட்டது சீர்த்தட்டு. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, நிச்சயம் எதுவானாலும் 11, 21, 51 என்று ஒற்றைப்படையில் தட்டு கேட்பார்கள். வளையலால் மயில், மஞ்சள் கிழங்கால் தேர், சாக்லேட்டால் கோபுரம். அதெல்லாம் அக்காவின் கை. குருத்தோலை மடித்தவரின் மகள் அவர். 2012 கடைசியில் அவர் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மூன்று மாசத்தில் வேலைக்குத் திரும்பினார், கடன் இருந்ததே.

2014-ல் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. 21 தட்டும் 3 கிலோ கேக்கும். முதல் நாள் ராத்திரி முழுக்க அக்கா உட்கார்ந்து 21 தட்டையும் முடித்தார். காலையில் மண்டப வாசலில் வேன் நின்றதும் நான் சொன்னேன்: "அக்கா, நீங்க வேன்லயே இருங்க." யாரும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. 3,500 ரூபாய் பாக்கி வரணும், யாராவது முகம் சுளித்தால் என்ன ஆகுமோ என்று நானாகச் சொன்னதுதான். அக்கா எதுவும் பேசவில்லை. கையில் ஒட்டியிருந்த சம்கியைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே பெண்ணின் தாய் மயில் தட்டைப் பார்த்து "யாரும்மா செஞ்சது, கண்ணு பட்டுடும் போல" என்று கேட்டபோது, "எல்லாரும் சேர்ந்துதாங்க" என்றேன்.

அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பினார், ஒரு ரூபாய் குறையாமல். மூன்றாவது கூட்டத்தில் ஊக்குநர் காரணம் கேட்டதும் நானே சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிலர் என் பக்கமும் பேசினாங்க: "ஊர் வழக்கம் அப்படி, அவள் என்ன செய்வாள்?" ஊக்குநர் கேட்டார்: "அக்கா செஞ்ச தட்டு மண்டபத்துக்குள்ள போகலாம், அக்கா போகக்கூடாதா?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அன்றைய தீர்மானம் ஏழாவது புத்தகத்தில் அப்படியே இருக்கிறது: தட்டு செய்தவரே தட்டோடு உள்ளே போவது, ஆர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது, ஒப்பாதவர்களின் ஆர்டர் வேண்டாம். 16 கையெழுத்து. அக்காவின் வீட்டுக்குப் புத்தகத்தை எடுத்துப்போய், அங்கே வைத்து அவரிடம் வாங்கிய கையெழுத்துதான் கடைசி. அந்த வருஷம் இரண்டு ஆர்டர் போனது. அதில் ஒன்று என் நாத்தனார் வீட்டு வளைகாப்பு. அவர் என்னோடு பேச இரண்டு வருஷம் ஆச்சு.

பிறகு நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை வந்தது. வாங்கி வைத்திருந்த தெர்மகோல் தட்டும் பிளாஸ்டிக் கப்பும் மூட்டையாகக் கிடந்தது. பாக்குமட்டைக்கும், காகிதப் பூவுக்கும், மறுபடி குருத்தோலைக்கும் வந்தோம். அக்காவுக்கு அது புதுசே இல்லை. 2020 ஊரடங்கில் பேக்கரி எல்லாம் மூடிக் கிடக்க, பிறந்தநாள் மட்டும் நிற்கவில்லை. அரைக் கிலோ, கால் கிலோ என்று வீட்டு கேக் கேட்டு வந்தார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றுக்கு வருஷம் 100 ரூபாய் கட்டி, அதன் எண்ணைப் பெட்டியில் ஒட்ட ஆரம்பித்தது அப்போதுதான். இப்போது இரண்டு ஓவன் இருக்கிறது. மணல் சட்டியை நான் தூக்கிப் போடவில்லை.

போன தையில் அந்த 2014 வீட்டிலிருந்தே போன் வந்தது. இளைய பெண்ணின் நிச்சயதார்த்தம், 51 தட்டு வேண்டுமாம். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா, "மயில் தட்டு செஞ்சது அவங்கதானா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். விலையை அவரே பேசினார், நான் சொல்லியிருப்பதைவிட 2,000 ரூபாய் கூடுதலாக.