நரம்புச் சிதைவு நோய்கள்: பெங்களூரில் கணக்கெடுப்பு வளர்ந்த வரலாறு

முன்னுரை

பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம், அல்சைமர் முதலான மறதிநோய்கள், தசைகளை மெல்லச் செயலிழக்கச் செய்யும் மோட்டார் நியூரான் நோய் ஆகியவை நரம்புச் சிதைவு நோய்கள் என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மூளையிலோ தண்டுவடத்திலோ உள்ள நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவது இவற்றின் பொது இயல்பு. இவை வளர்ந்த நாடுகளுக்கு உரிய நோய்கள், இந்தியா போன்ற நாடுகளில் அரிது என்ற கருத்து கடந்த நூற்றாண்டின் இறுதிவரை மருத்துவ உலகில் செல்வாக்குடன் இருந்தது. அக்கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பெங்களூரின் ஆய்வு வரலாற்றைக் கொண்டு ஆராயலாம். அரிது என்று தோன்றியதில் பெரும்பகுதி எண்ணும் முறையின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மருத்துவமனை வாசலுக்கு வந்தவர்கள்

1847இல் பெங்களூரில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1925இல் அது மனநல மருத்துவமனை ஆயிற்று. 1937இல் ஓசூர் சாலையில் இன்றுள்ள வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. 1954இல் அங்கே அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. 1974இல் இவ்விரண்டும் இணைந்து, இந்நோய்களின் ஆய்வில் முன்னின்ற நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் ஆயின.

இந்நிறுவனம் உருவாகி வளர்ந்த காலத்தில் நடுக்குவாதம் இங்கே அறியப்படாத நோயன்று. ஆயுர்வேதம் கம்பவாதம் என்ற நிலையை விவரித்துள்ளது. பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற வேதிப்பொருளைச் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டார்கள். அப்பொருளே நடுக்குவாதத்துக்கு முதன்மையான மருந்தாகும் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது. நிம்ஹான்ஸின் முதல் இயக்குநரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஆர்.எம். வர்மா, மண்டையோட்டின் அடிப்பகுதியில் இயற்கையாக அமைந்த துளை வழியே ஊசியைச் செலுத்தி நடுக்குவாதத்துக்குச் சிகிச்சையளிக்கும் முறையை வகுத்தார். நோயாளிகள் இருந்ததால்தான் இத்தகைய முறைக்குத் தேவை எழுந்தது. ஆனால் மருத்துவமனைப் பதிவேடு, வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களை மட்டுமே காட்டும். ஊரில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

வீடு வீடாக

1980களில் நிம்ஹான்ஸ் பேராசிரியர் எம். கௌரிதேவியும் அவருடைய குழுவினரும் பெங்களூருக்கு வடக்கே உள்ள கௌரிபிதனூர் வட்டாரத்தில் சுமார் 57,000 பேரிடையே ஆய்வு நடத்தினார்கள். நடுக்குவாதத்தின் பரவல் லட்சத்துக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது. இதே காலத்தில் பம்பாயின் பார்சி குடியிருப்புகளில் பரூச்சா குழுவினர் நடத்திய ஆய்வோ (1988) லட்சத்துக்கு 328 என்று காட்டியது. முதியோர் மிகுந்த சமூகம் பார்சிகளுடையது. ஒரே நாட்டில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்ற கேள்விக்கு வயது ஒரு முக்கியமான விடையாக அமைந்தது.

அடுத்த முயற்சி இன்னும் விரிவானது. 1993 முதல் 1995 வரை கௌரிதேவி, ஜி. குருராஜ், பி. சதீஷ்சந்திரா, டி.கே. சுப்பகிருஷ்ணா ஆகியோர் பெங்களூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1,02,557 பேரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி 3,206 பேருக்கு ஏதேனும் ஒரு நரம்பியல் கோளாறு இருந்தது. தலைவலியும் வலிப்பும் முன்னிலையில் நின்றன. நகரில் லட்சத்துக்கு 2,190 ஆக இருந்த மொத்தப் பரவல் கிராமத்தில் 4,070. நகர வாழ்க்கையே நரம்பு நோய்களைக் கொண்டுவருகிறது என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் இடமளிக்கவில்லை. நரம்பியல் மருத்துவர்கள் நகரில் குவிந்திருக்க, நோயாளிகள் கிராமத்தில் அதிகமாக இருந்தார்கள்.

நடுக்குவாதத்தைப் பொறுத்தவரை இந்த ஆய்வு காட்டிய பரவல் லட்சத்துக்குச் சுமார் 30. மக்கள்தொகையின் வயது அமைப்பைக் கணக்கில் கொண்டு திருத்தியபோது அது இரு மடங்கையும் தாண்டியது. 1991இல் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. இளைஞர் நிறைந்த நாட்டில் முதுமையின் நோய்கள் குறைவாகத் தெரிவது இயல்பே. அந்த இளைஞர்கள் முதுமை எய்தும்போது எண்களும் உயரும்.

நுண்ணோக்கியின் சாட்சியம்

வயது ஒன்றே முழு விளக்கமாகிவிடாது. உடலமைப்பிலேயே வேறுபாடு உண்டா என்று ஆராய்ந்தவர்களும் பெங்களூரில் இருந்தார்கள். உதய் முத்தனே, எஸ்.கே. சங்கர் முதலியோர், நோயற்ற இந்தியர்களின் மூளையில் நடுப்பகுதியை மென்தகடுகளாகச் சீவி, நடுக்குவாதத்தில் அழியும் கருநிற நரம்பணுக்களை எண்ணினார்கள். 1998இல் வெளியான முடிவு எதிர்பாராதது. பிரிட்டனைச் சேர்ந்தவர்களின் மூளையைவிட இந்திய மூளைகளில் அந்த அணுக்கள் சுமார் 40 விழுக்காடு குறைவு. ஆயினும் வயது கூடக்கூட அவை குறையவில்லை. கையிருப்பு சிறிது, ஆனால் கரைவதில்லை என்ற நிலை. பெங்களூர் ஆங்கிலோ இந்தியர்களிடம் 2003இல் வெளியான ஆய்வொன்று, ஐரோப்பிய, இந்திய வழி கலந்த இச்சமூகத்தில் நடுக்குவாத வாய்ப்பு மற்ற இந்தியர்களைவிடக் குறைவு என்றது. ஐரோப்பிய மரபே நோயைக் கூட்டுகிறது என்ற எளிய விளக்கம் இதனால் தளர்ந்தது.

தென்னிந்தியாவுக்கே உரிய வடிவங்களும் தெரியவந்தன. இளவயதில் தொடங்கி, செவித்திறனையும் பாதித்து, மெதுவாக முற்றும் மோட்டார் நியூரான் நோய் ஒன்றைச் சென்னை மருத்துவர்கள் 1970இல் விவரித்தார்கள். மருத்துவ நூல்களில் அது மெட்ராஸ் என்ற பெயருடன் நிலைத்தது. பெங்களூரில் கௌரிதேவி குழு அதே நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தது. ஒரு கையோ காலோ மட்டும் மெலியும் நோயையும் 1984இல் பதிவுசெய்தது. மேலை நாட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடியிருந்தால் இவை கண்ணில் பட்டிருக்கமாட்டா.

மறதியை அளப்பது எப்படி?

நடுக்கம் கண்ணுக்குத் தெரியும். மறதி அப்படியன்று. ‘அறுபதுக்கு அரளு மரளு’ என்று கன்னட வீடுகளில் சொல்வார்கள். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்பது நம் வீட்டுப் பேச்சு. நோயென்று கருதப்படாதது மருத்துவரிடம் போவதில்லை.

அளவுகோலிலும் குறை இருந்தது. மேலை நாடுகளில் வழங்கிய சோதனை, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். பள்ளிக்கே போகாத மூதாட்டி இதில் தோற்றால் அது நோயா, கல்லாமையா? ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய அமெரிக்கக் கூட்டாய்வுக்காக இச்சோதனையை இந்தியில் மாற்றியமைத்தவர்கள், எழுதுவதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கழித்தல் கணக்கும் இருபதிலிருந்து மும்மூன்றாக எளிதாயிற்று. அந்த ஆய்வில் அல்சைமரின் நிகழ்வு வீதம் 65 வயதைக் கடந்த ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.7. ஒப்புநோக்கிய அமெரிக்கப் பகுதியில் 17.5. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி உண்மையாகவே இருக்கலாம்.

எனினும் அளவுகோல் மாறினால் எண்ணும் மாறும் என்பதை 10/66 ஆய்வுக் குழு நிறுவியது. உலகின் மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதில்லை என்பதே அப்பெயரின் பொருள். 2008இல் அக்குழு வெளியிட்ட முடிவில், அமெரிக்க வரையறையின்படி இந்தியக் கிராமப்புறத்தில் மறதிநோய் வெறும் 0.3 விழுக்காடு. குழுவின் சொந்த முறையிலோ, ஆராய்ந்த எந்த இடத்திலும் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

சீனிவாசபுரமும் அதன் பின்னும்

பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டத்துக் கிராமங்களில் 2018இல் நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. 45 வயதைக் கடந்த 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிப்பது நோக்கம். நோய் வந்தபின் எண்ணும் பழைய முறையிலிருந்து, வருமுன் பார்க்கும் முறைக்கு இது பெரிய நகர்வு. 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் உண்டு என்றது. பெண்களிடமும் கிராமங்களிலும் அது மிகுதி. கர்நாடக அரசும் நிம்ஹான்ஸும் நிதி ஆயோக்குடன் இணைந்து 2022இல் தொடங்கிய மூளை நலத் திட்டம், இந்நோய்களுக்கான பராமரிப்பை மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல முனைந்துள்ளது.

முடிவுரை

கௌரிபிதனூர் முதல் சீனிவாசபுரம் வரையிலான வரலாறு காட்டுவது மூன்று. இளைய மக்கள்தொகை நோயைக் குறைத்துக் காட்டியது. பொருந்தாத அளவுகோல் நோயாளிகளைத் தவறவிட்டது. இவ்விரண்டையும் கழித்தபின் எஞ்சும் உண்மையான வேறுபாடு, தென்னிந்திய மூளையை இங்கேயே ஆராய்ந்தால்தான் விளங்கும். வளரும் நாடுகளில் இந்நோய்கள் அரிது என்ற முடிவை நம்பி நாம் இனியும் திட்டமிட முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் வீடுவீடான கணக்கெடுப்பும், அதைச் செய்யும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியும், கண்டறியப்பட்டவரைப் பேணும் குடும்பத்துக்கு உதவியும் உடனடித் தேவைகள். தமிழ்நாடும் கர்நாடகமும் இப்பணியை இணைந்து செய்யவேண்டும்.