மாளிகைத் தெருக்களும் தோட்டத்து லயங்களும்

ஒரு நாட்டின் செல்வம் யார் கையில் சேர்ந்தது என்பதை அறியப் பெரிய நூல்கள் வேண்டுவதில்லை. அந்நாட்டுச் செல்வர் எந்தத் தெருவில் வீடு கட்டினர், எப்பொழுது கட்டினர், அவ்வீடுகள் இன்று என்ன நிலையில் நிற்கின்றன என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் போதும். கெடாத் தமிழராகிய நாம் இக்கேள்விகளைக் கேட்பதற்குத் தனி உரிமை உடையோம். ஏனெனில், கூலிமிலும் பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் நம் முன்னோர் விடியற்காலையில் வெட்டி எடுத்த பால், பினாங்கிலும் செட்டிநாட்டிலும், ஏன், கடல் கடந்த அமெரிக்காவிலுங்கூட, மாளிகைகளாக உறைந்து நிற்கின்றது.

முதலில் அண்டை வீட்டைப் பார்ப்போம். பினாங்குத் தீவு 1786ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் கைக்குச் சென்றது. 1800இல் எதிர்க்கரையும் போயிற்று. கெடா மாநிலம் 1909ஆம் ஆண்டு வரையில் சயாமின் மேலாண்மையில் இருந்தது. அவ்வாண்டின் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் பாதுகாப்பில் வந்தது. கொடி மாறியது ஒருபுறமிருக்க, கெடாவின் பணம் பினாங்கை நோக்கி ஓடும் வழக்கம் மட்டும் கொடி எதுவாயினும் மாறவில்லை. அரிசி ஆலை, மரவள்ளி, அபின் குத்தகை ஆகியவற்றில் பினாங்குச் சீன வணிகர் கெடாவில் பெரும் பொருள் ஈட்டினர். பின்னர் ரப்பர் வந்தது.

அப்பணம் குடியேறிய இடங்களுள் தலையாயது நார்தாம் ரோடு. இன்று அதன் பெயர் ஜாலான் சுல்தான் அகமது ஷா. கடலைப் பார்த்த முற்றங்களும் நிழல் மரங்களும் உடைய இத்தெருவில் முதலில் வெள்ளையர் வாழ்ந்தனர். முதல் உலகப் போரையொட்டிய காலத்தில் சீனச் செல்வர் ஒவ்வொருவராக அங்கே புகுந்தனர். அவர்கள் கட்டிய வீடுகளுக்குமுன் பழைய துரைமார் வீடுகள் சிறுகுடில்களாகத் தோன்றலாயின. கோடீசுவரர் வரிசை என்று ஊரார் அதற்குப் பெயரிட்டனர். 1919இல் எழுந்த ‘ஹோம்ஸ்டெட்’ மாளிகை பின்னாளில் இயாப் சோர் ஈ என்பவருக்கு உரியதாயிற்று. சீனத்திலிருந்து ஏழையாய் வந்து முடிதிருத்தும் தொழிலில் பிழைப்பைத் தொடங்கிய அவர், 1918இல் பான் ஹின் லீ வங்கியை நிறுவினார். தொழிலைக் கொண்டு மனிதனை உயர்வு தாழ்வு பேசும் நம்மவர் சிலர் இதனைச் சற்று நின்று படிப்பது நலம். அம்மாளிகை இப்பொழுது வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கின்றது.

அதே தெருவில் 1920களில் எழுந்த மற்றொரு மாளிகை ‘வுட்வில்’. அதனைக் கட்டியவர் லிம் லியான் டெங் என்னும் ரப்பர்த் தோட்ட அதிபர். இப்பெயரைச் சுங்கைப் பட்டாணி மக்கள் அறிந்திருக்க வேண்டும். அறியாவிடினும் அவர் கொடையை நாள்தோறும் பார்க்கின்றனர். நகரின் நடுவே நிற்கும் மணிக்கூண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக 1936இல் அவர் அளித்ததே. கொடையைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், விடியுமுன் பெரட்டுக்கு அடிக்கும் மணியைக் கேட்டு எழுந்தோடிய தொழிலாளிக்கு நேரம் அறிவிக்க மணிக்கூண்டு தேவைப்பட்டிராது என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

இனி, நம்மவர் பக்கம் திரும்புவோம். சீனச் செல்வருக்கு ஒரு நார்தாம் ரோடு இருப்பதுபோல், மலாயாவில் லேவாதேவி நடத்திப் பெரும் பொருள் சேர்த்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு இந்நாட்டில் ஒரு மாளிகைத் தெரு உண்டா? இல்லை. பினாங்கிலாயினும் கெடாவின் பட்டணங்களிலாயினும் அவர்கள் வாழ்ந்தது கிட்டங்கியில். நீண்டு குறுகிய ஒரே கட்டடத்தில் பல மார்க்காக்காரர்கள் வரிசையாகப் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதுவர், இரவில் அங்கேயே பாய் விரிப்பர், சமையல் பொது, பெண்டு பிள்ளைகள் ஊரில். மூன்றாண்டு போன்ற தவணை முடிந்ததும் ஒருவர் போவார், வேறொருவர் வருவார். நிலையாக ஒன்றை நாட்டினார்கள் என்றால் அது முருகன் கோயில்தான். பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலும் தைப்பூச வெள்ளித்தேரும் அதற்குச் சான்று.

அவ்வாறு சிக்கனமாக வாழ்ந்தவர்களின் பணம் எங்கே மாளிகையாயிற்று? காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும்! மழை குறைந்த அச்சீமையில் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் இறங்கின. முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர்கள் இன்றும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள் பல. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912இல் எழுந்தது. அவரே 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தையும் தோற்றுவித்தார். 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் பர்மாவினுள் ஜப்பானியர் புகுந்ததும், அதன்பின் அந்நாட்டில் நிலங்கள் பறிபோனதும் இச்செல்வத்தின் அடிமரத்தை வெட்டின. இன்று எத்தனையோ வீடுகள் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டும் கதவு திறக்கின்றன. சில விடுதிகளாயின, சில கதவு வேறு, தூண் வேறு என விற்கப்பட்டன. 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வெள்ளைத் துரையோ இந்த இருவரினும் வேறானவர். அவர் குன்றின்மேல் பங்களாவில் வாழ்ந்தார். அது கம்பெனியின் சொத்து. அவருடைய வீடு ஸ்காட்லாந்திலோ இங்கிலாந்திலோ இருந்தது. ஆகவே சீனர் சம்பாதித்த இடத்தருகே கட்டினார். செட்டியார் பிறந்த ஊரில் கட்டினார். துரை ஓய்வுக்காலத்தை எண்ணிச் சீமையில் கட்டினார். மூவருக்கும் மூலதனம் தந்த மரம் ஒன்றே. அம்மரத்தடியில் நின்றவனுக்குக் கிடைத்தது பத்தடிச் சதுரத்தினும் சற்றே மிகுந்த ஓர் அறையும், ஒரு திண்ணையும், பொதுக் குழாயும். வேலை போனால் அதுவும் போகும்.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னோம். அது வெறும் அணிக்காக அன்று. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டம் அமெரிக்க ரப்பர் கம்பெனி ஒன்றின் மலாயக் கிளைக்கு உரியதாயிருந்தது. மலாய் நாட்டு ரப்பர் மோட்டார் வண்டிச் சக்கரங்களாக மாறிய நகரங்களுள் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் முதன்மையானது. குட்இயர் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவராகிய சைபர்லிங், அங்கே 1912 முதல் 1915 வரை 65 அறைகள் கொண்ட ஸ்டான் ஹைவெட் மாளிகையைக் கட்டினார். ஆனால் அதே 1912இல், தம் தொழிலாளர் தவணை முறையில் விலைக்கு வாங்கிக்கொள்ளத் தக்க தனி வீடுகளைக் கொண்ட குட்இயர் ஹைட்ஸ் என்னும் குடியிருப்பையும் தொடங்கினார். நிலைத்த தொழிலாளர் தமக்குத் தேவை என்ற கணக்கும் அதில் இருந்தது என்பது உண்மையே. ஆயினும் ஆக்ரனில் சக்கரம் செய்தவன் வீட்டுக்காரனானான். கெடாவில் பால் வெட்டியவன் அடுத்த தலைமுறையிலும் குடியிருப்பவனாகவே இருந்தான். ஒரே பண்டத்தின் இரு முனைகளில் இவ்வளவு வேற்றுமை!

அந்நாட்டின் பழைய செல்வத் தெருக்கள் வேறொரு பாடமும் வைத்திருக்கின்றன. பாஸ்டன் நகரத்துப் பீகன் குன்றின் தென்சரிவில் பெருவணிகரின் செங்கல் வீடுகள் எழுந்தன. வடசரிவில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பு மக்கள் வாழ்ந்தனர். 1806இல் அவர்கள் கட்டிய கூட்டமாளிகை இன்றும் நிற்கின்றது. அது ஓர் அரும்பொருட்காட்சிச் சாலை. வண்டியோட்டிகளுக்கும் வேலைக்காரர்களுக்குமென அமைந்த ஏகார்ன் சந்தை இப்பொழுது செல்வர் போட்டியிட்டு வாங்குகின்றனர்! 1947இல் நகராட்சி நடைபாதைச் செங்கற்களைப் பெயர்க்க வந்தபொழுது அத்தெருப் பெண்கள் கற்களின்மேல் அமர்ந்து தடுத்தனர்; 1955இல் குன்று சட்டப் பாதுகாப்புப் பெற்றது. தென்மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரமோ 1931லேயே பழைய குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் செய்து அந்நாட்டிற்கு வழிகாட்டியது. நெடுங்காலம் அங்கே தூண்களையும் தோட்டங்களையும் மட்டுமே காட்டினர். ஆனால் எய்க்கன்-ரெட் மாளிகையில், பின்கட்டில் அடிமைகள் உறங்கிய அறைகளும் சமையற்கட்டும் பூசி மெழுகாமல் இருந்தபடியே வைக்கப்பட்டிருக்கின்றன. முன்கட்டைப் பார்த்தவர் பின்கட்டையும் பார்த்தே வெளியேறுவர்.

நமது பக்கத்தில் நடந்தது என்ன? பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபிடமாயிற்று. அதற்கு முன்பே, நார்தாம் ரோட்டில் மெட்ரோபோல் ஓட்டலாக இருந்த பழைய மாளிகை 1993ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், யாரும் கேளாத விடுமுறை வேளை பார்த்து, இடிக்கப்பட்டது. கெடாவிலோ இதனினும் கொடிய செய்தி. நம் மேடைப் பேச்சாளர் ‘கடாரம் கொண்டான்’ என்று மார்தட்டாத கூட்டமில்லை. அக்கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரமாண்டு கடந்த பதினோராம் எண் கோயிலின் அடித்தளம், வீடு கட்டும் நிலத்துக்காக 2013இல் புல்டோசரால் அழிக்கப்பட்டது வெளிவந்தது. கோயிலுக்கே அக்கதியென்றால் லயத்துக்கு என்ன கதி?

லயங்கள் பெரும்பாலும் போய்விட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல எண்ணெய்ப்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. அழுக்கும் அவமானமும் நிறைந்த அவ்விடங்கள் ஒழிந்ததற்காக நாம் கண்ணீர் விடவில்லை. தகர வெக்கையில் பிள்ளை பெற்ற தாய்மாரைக் கேட்டால் ஒழிந்தது நன்றே என்பார்கள். ஆனால் ஒழிந்தது ஒன்று, மறந்தது மற்றொன்று. 1946-47இல் கள்ளுக்கடைகளை மறித்துத் தோட்டம் தோட்டமாகப் பரவிய தொண்டர் படை, ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் கெடாவில் வளர்ந்தது. கூலியைக் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு வரும் ஆண்களைத் தடுத்து நிறுத்தவும், தொழிலாளி தலைநிமிர்ந்து நடக்கவும் அது முயன்றது. பாஸ்டனில் பெண்கள் செங்கல்மேல் அமர்ந்த அதே 1947இல், பீடோங்கில் நம்மவர் காவல் துறையோடு மோதி அடியும் சிறையும் பட்டனர். அவ்வியக்கம் பிறந்தது மாளிகையிலன்று, லயத்து வாசலில்.

பெரிய வீடாக இருந்தால்தான் காக்கவேண்டும் என்னும் விதி கெடாவிலேயே இல்லை. அலோர் ஸ்டார் லோரோங் கிலாங் ஆயிஸில் டாக்டர் மகாதீர் பிறந்த எளிய வீடு அரசாங்கத்தால் பாதுகாக்கப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றது. ஓர் ஆசிரியர் குடும்பத்தின் மரவீடு அது. அவ்வாறே ஒரு லயத்து வரிசையை, அதன் திண்ணையும் குழாயடியும் ஆயாக்கொட்டகையும் பெரட்டுக் களமும் சிதையாமல், ஏதேனும் ஒரு தோட்டத்தில் நிறுத்தி வைக்க 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டத்தில் இடமிருக்கின்றது. விண்ணப்பம் எழுதவேண்டியவர் யார்? நமது ஆலய நிருவாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வாசகசாலைகளும் ஆண்டுதோறும் அன்னதானத்திற்கும் அலங்கார வளைவிற்கும் செலவிடும் நேரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்குத் தரலாகும். அதற்கும் முன்னே செய்யத்தக்கது மிக எளிது: இன்னும் நிற்கும் லயங்களை அளந்து படமெடுத்து, எந்த அறையில் எந்தக் குடும்பம் இருந்தது, எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் வந்தது என்பவற்றை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல். சொல்லக்கூடியவர்களுள் பலருக்கு இப்பொழுது வயது எண்பதைக் கடந்துவிட்டது.