இரைப்பை பாக்டீரியாவும் தைராய்டு தன்னுடல் தாக்குநோயும்

இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கும், நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்களுக்கும் தொடர்பு உண்டா என்பது 1990களிலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் இரைப்பை நோயும் தைராய்டு நோயும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து வருவது, இந்தப் பாக்டீரியா கண்டறியப்படும் முன்பே அறியப்பட்டிருந்தது.

பின்னணி

1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பிகளில் நிணநீர் அணுக்கள் நிறைந்திருந்ததை விவரித்தார். இதன் காரணம் 44 ஆண்டுகள் விளங்கவில்லை. 1956இல் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக், பீட்டர் கேம்பெல் ஆகியோர், இந்நோயாளிகளின் குருதியில் தைராய்டின் சொந்தப் புரதமான தைரோகுளோபுலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் கண்டனர். இரைப்பையின் உட்சுவர் நலிந்து வைட்டமின் பி12 உறிஞ்சப்படாமல் போவதால் வரும் குருதிச்சோகை, தைராய்டு நோயாளிகளிடம் மிகுதியாக இருந்தது. இதிலிருந்து 1960களில் 'தைராய்டு-இரைப்பைத் தன்னெதிர்ப்பு' என்ற கருத்து உருவானது.

பாக்டீரியாவின் வருகை

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகியோர் இப்பாக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் அதுவே காரணம் எனக் காட்டியதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இரைப்பையின் உட்சுவரை நலியச் செய்வதும் இதே பாக்டீரியா என்பதால், தைராய்டு நோயையும் இதுவே தூண்டுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. பாக்டீரியாவின் புரதங்கள் தைராய்டு புரதங்களை ஒத்திருப்பதால் நோயெதிர்ப்பு மண்டலம் ஏமாறுகிறது என்பது ஒரு விளக்கம். சில ஆய்வுகள் தொடர்பைக் கண்டன. வேறு சில காணவில்லை. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இத்தொற்று இருப்பதாக மதிப்பிடப்படுவதால், இரண்டும் சேர்ந்திருப்பதை மட்டும் கொண்டு ஒன்று மற்றொன்றின் காரணம் என முடிவு செய்ய இயலாது.

மருந்து அளவு

உறுதியான பயன் வேறொரு கோணத்தில் கிடைத்தது. தைராக்சின் மாத்திரை நன்கு உறிஞ்சப்பட இரைப்பை அமிலம் தேவை. தொற்றால் அமிலம் குறைந்தவர்களுக்குக் கூடுதல் அளவு மருந்து வேண்டியிருப்பதை 2006இல் மார்கோ சென்டன்னி உள்ளிட்ட இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். எனவே, மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் டிஎஸ்எச் அளவு குறையாதவர்களிடம் இத்தொற்று உள்ளதா எனப் பார்ப்பது பயன்தரும். தொற்று நீங்கினால் மருந்தின் தேவை குறையக்கூடும் என்பதால் அளவை மருத்துவர் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஆயினும் தொற்றுக்கான சிகிச்சை, தைராய்டு நோய்க்கான சிகிச்சை ஆகாது.